அழுவதற்கான கட்-ஆஃப்

திங்கட்கிழமை காலை இறைவணக்கம் முடிந்ததும் உணவுக்கூடத்துச் சுவர்த்திரை ஒளிர்ந்தது. அந்த வாரத்தின் துயரக் கட்-ஆஃப் நூற்று அறுபத்தெட்டு.

கூட்டம் மொத்தமும் முனகியது. போன வாரத்தைவிட ஏழு புள்ளி ஏறியிருந்தது. இட்லித் தட்டோடு நின்ற பிள்ளைகள் தத்தம் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்கள். கட்-ஆஃபைத் தாண்டிய ஒருத்தியைத் தோழிகள் கட்டிக்கொண்டு வாழ்த்தினார்கள். அவள் வெட்கத்தோடு சிரித்தாள். சிரித்தால் எண் இறங்கிவிடும் என்று யாரோ எச்சரித்ததும் முகத்தைச் சரிசெய்துகொண்டாள்.

"போச்சு," என்றாள் பெனாசிர். "நூத்தி அறுபத்தாறு. ரெண்டு பாயின்ட்ல போச்சுடி. சனிக்கெழம கேரட் அல்வா போட்டாங்கல்ல, அதைத் தின்னப்பதான் எறங்கியிருக்கும். நாக்குதான் எனக்கு எமன்."

பக்கத்தில் நின்ற நிறைமதி இட்லியைப் பிட்டாள். இருவரும் பன்னிரண்டாம் வகுப்பு; விடுதியில் ஒரே அறை.

"உனக்கு எவ்ளோ?"

"பதினொண்ணு."

"நூத்திப் பதினொண்ணா?"

"வெறும் பதினொண்ணு."

பெனாசிர் அவள் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். இயந்திரம் பழுதோ என்று இரண்டு தட்டு தட்டினாள். பழுதில்லை.

வான்முகடு சர்வதேச உண்டு உறைவிட மேல்நிலைப் பள்ளி, நெடுஞ்சாலை ஓரம் ஒரு பாறைக் கரட்டின் அடிவாரத்தில் இருந்தது. அங்கே சர்வதேசம் என்று சொல்லத்தக்கது தாளாளர் அறையிலிருந்த காபி இயந்திரம் மட்டும்தான். தாளாளர் கல்விக்காவலர் முனைவர் பொன்னுரங்கம் முன்பு கோழிப்பண்ணை நடத்தியவர். விளக்கை எத்தனை மணிக்குப் போட்டால் எத்தனை மணிக்கு எழும், எவ்வளவு இடம் கொடுத்தால் போதும், எப்போது எடை போட வேண்டும் என்பதெல்லாம் அவருக்குப் பழக்கம். பள்ளிக்கு வந்தபோது தொழிலை மாற்றிக்கொண்டதாகவே அவருக்குத் தோன்றவில்லை.

பள்ளிப் பிள்ளைகளின் மனத்துக்குத் துணை தருவது கட்டாயம் என்று சட்டம் வந்த வருடம், எல்லாப் பள்ளிகளும் கைதட்டி வரவேற்றன. இரண்டாயிரம் பிள்ளைகளுக்கு ஒரு மனத்துணை ஆசிரியை வந்து சேர்ந்தார். ஒருவர் எத்தனை பேரிடம்தான் பேச முடியும்? வாரத்துக்குப் பன்னிரண்டு பேர். யார் அந்தப் பன்னிரண்டு பேர் என்ற கேள்விக்கு உள்ளமானி வந்தது. மணிக்கட்டில் கட்டும் பட்டை. நாடித் துடிப்பு, தோலின் ஈரம், மூச்சின் வேகம், தூக்கத்தில் எத்தனை முறை புரள்கிறார்கள் என்பது எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து, துயரம் இருநூற்றுக்கு எவ்வளவு என்று சொல்லிவிடும். ஏன் இருநூறு என்று யாரும் கேட்கவில்லை. பொறியியல் கல்லூரிக்குக் கட்-ஆஃப் இருநூற்றுக்குத்தானே. பெற்றோருக்குப் புரிய வேண்டாமா?

பெற்றோருக்கு நன்றாகவே புரிந்தது. உங்கள் மகளுக்குக் கவுன்சிலிங் கிடைத்திருக்கிறது என்று பள்ளியிலிருந்து தகவல் போனால், எந்தக் காலேஜ் என்று கேட்டார்கள். கட்-ஆஃப் என்று ஒன்று வந்தபின் பயிற்சி மையம் வராமல் இருக்குமா? பேருந்து நிலையத்துக்கு எதிரே 'கண்ணீர் அகாடமி' முளைத்தது. விடுமுறைக்குப் போன பிள்ளைகள் அங்கே துரித வகுப்பு முடித்துத் திரும்பினார்கள். கட்-ஆஃப் வாரா வாரம் ஏறியது. நிஜமாகவே நொந்துபோன பிள்ளைகள் பயிற்சி இல்லாத காரணத்தால் பட்டியலின் கீழே கிடந்தார்கள்.

தவறியவர்களுக்கு ஆறுதலி இருந்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஆளுயரத்துக்கு நின்ற பேசும் தூண் அது. அதன் முன்னால் நின்று அழுதால், "உன் வலி எனக்குப் புரிகிறது. உன் உணர்வுகள் முக்கியமானவை," என்று இனிய குரலில் சொல்லும். சற்று நேரம் இடைவெளி விடும். பிறகு, "அடுத்தவர் வரலாம்," என்று சொல்லும்.

எல்லாரும் போக நினைத்தது எஸ்தர் மிஸ்ஸிடம். எஸ்தர் கமலம் ஐம்பதை நெருங்குபவர். அவரிடம் பெரிய உத்தி எதுவும் கிடையாது. கதவைச் சாத்துவார், நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொள்வார், "சொல்லு கண்ணு" என்பார். நாம் இரண்டு வாக்கியம் சொல்வதற்குள் அவர் கண் நிறைந்துவிடும். 'நீ அழறதுக்கு முன்னாடி மிஸ் அழுதுரும்' என்பது விடுதியில் எல்லாருக்கும் தெரிந்த செய்தி. தொழில்முறைக்குப் பொருந்தாத கண்ணீர் என்று குறிப்பிட்டு நிர்வாகம் அவருக்கு இரண்டு முறை மெமோ கொடுத்திருந்தது. இரண்டாவதை வாங்கும்போதும் அவர் அழுதார்.

நிறைமதிக்கு அந்த அறைக்குள் போக வேண்டியிருந்தது. அவளிடம் ஒரு வாக்கியம்தான் இருந்தது. அதைத் தூணிடம் சொல்ல அவளுக்கு விருப்பமில்லை.

அவள் அப்பா மாரப்பன் திருச்செங்கோட்டில் லாரிப் பட்டறை ஒன்றில் வெல்டர். பார்வை நாள் ஞாயிற்றுக்கிழமைகளில் டிபன் கேரியரோடு வந்து, பள்ளி வாசல் வேப்ப மரத்தடியில் பாய் விரித்து உட்கார்ந்து, மகள் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருப்பார். பேச்சு அதிகம் கிடையாது. "காரம் பத்துதா?" என்பார். அவ்வளவுதான். ஐப்பசியில் ஒரு ஞாயிறு அவர் வரவில்லை. பேருந்து நிலையத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. செய்தி முற்பகலிலேயே பள்ளி அலுவலகத்துக்கு வந்துவிட்டது. அன்று மாலை இயற்பியல் மாதிரித் தேர்வு. தாளாளர் யோசித்தார். "எழுதி முடிக்கட்டும். இப்போ சொல்லி என்ன ஆவப்போவுது?" என்றார். அவருடைய மனிதாபிமானத்தை அலுவலகமே மெச்சியது.

நிறைமதி நன்றாக எழுதினாள். முழு மதிப்பெண்.

வெளியே வந்தபோது சொன்னார்கள். சொன்னதைக் கேட்டாள். வண்டியில் ஏறினாள். வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தது. அத்தைமார்கள் அவளைக் கட்டிப்பிடித்துத் தோளைப் பிடித்து உலுக்கினார்கள். "அழுதுரு சாமி, உள்ளயே வச்சுக்காத, அழுதுரு" என்று கன்னத்தில் தட்டினார்கள். அவளுக்கு வரவில்லை. எதுவுமே வரவில்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்தபோது, மாலை எழுதிய விடைத்தாளில் ஏழாவது கேள்விக்கு அலகு போட மறந்தோமா என்று ஒரு நினைப்பு வந்தது. அது மட்டும்தான் வந்தது. பதினாறாம் நாள் காரியத்துக்கு முன்பே விடுதிக்குத் திரும்பிவிட்டாள். பொதுத்தேர்வு நெருங்குகிறது என்று பள்ளியிலிருந்து தினமும் போன் வந்தது.

*

"பயப்படாதே, நான் சொல்லித் தர்றேன்," என்றாள் பெனாசிர். துணி காயப்போடும் மொட்டை மாடியில், ஈரப் போர்வைகளுக்கு நடுவே இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். "மொதல்ல மூச்சை இழுத்துப் புடி. புடிச்சுட்டு, உனக்கு ரொம்பப் புடிச்ச நாய் செத்துப்போச்சுன்னு நெனை."

"எனக்கு நாயே கெடையாதுடி."

"எனக்கு மட்டும் இருக்கா? வருசம் பூரா அந்த நாயை வச்சுத்தான் ஓட்டிக்கிட்டிருக்கேன். பேரு வேற வச்சிருக்கேன்."

"என்ன பேரு?"

"சுல்தான். வெள்ளை. ஒரு காது மட்டும் கருப்பு. லாரியில அடிபட்டுச்சு. கடைசியா வாலை ஆட்டுச்சுடி என்னைப் பாத்து." பெனாசிரின் கண் கலங்கியது. பட்டையில் எண் சரசரவென்று ஏறியது. அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பெருமையோடு காட்டினாள். "பாத்தியா? நூத்தி எழுவத்தி நாலு."

"உனக்குத்தான் நெசமாவே இருக்கே. உங்கம்மா..."

பெனாசிரின் அம்மா இரண்டு வருடத்துக்கு முன்னால் வேறு குடும்பம் அமைத்துக்கொண்டு வெளிநாடு போனவர். வெள்ளிக்கிழமைகளில் பேசுவதாகச் சொல்லியிருந்தார்.

"அதை நெனைச்சா ஏற மாட்டேங்குது. பழகிப்போச்சு. நாய்தான் வேலை செய்யுது." அவள் நிறைமதியின் முழங்காலில் தட்டினாள். "சரி, உனக்கு நாய் வேணாம். அப்பாவை நெனை."

நிறைமதி கண்ணை மூடினாள். வேப்ப மரம். பாய். டிபன் கேரியரின் மேல் தட்டில் வெங்காயப் பச்சடி. வெல்டிங் பொறி பட்டுத் தழும்பேறிய முழங்கைகள். காரம் பத்துதா?

"எறங்குதுடி," என்றாள் பெனாசிர்.

பதினொன்று ஒன்பதானது. ஆறானது. மூன்றில் வந்து நின்றது. நினைக்க நினைக்க உள்ளே ஏதோ ஒன்று ஒவ்வொரு விளக்காக அணைத்துக்கொண்டே போவதுபோல் இருந்தது. உள்ளமானி அதை அமைதி என்று எடுத்துக்கொண்டது. துடிக்காத நாடி, வியர்க்காத தோல், புரளாத தூக்கம். செய்தவர்கள் அதற்குக் கற்றுக்கொடுத்தது அவ்வளவுதான்.

பெனாசிர் தன் உள்ளங்கையால் அந்தப் பட்டையை மூடினாள். "போதும். விட்ரு. கண்ணைத் தொற." அவள் கண் திறந்ததும் சொன்னாள்: "நீதான்டி மிஸ்ஸைப் பாக்கணும். நாங்கெல்லாம் சும்மா. நெசமா நீதான்."

"கட்-ஆஃப்?"

"என் நாயை வேணா எடுத்துக்க."

பட்டையை மாற்றிக் கட்டிக்கொள்ளவும் வழியில்லை. அது தோலை அறியும். வேறு கைக்குப் போனால் அலறும். மறுநாள் நிறைமதி நேராகப் போய் எஸ்தர் மிஸ்ஸின் கதவைத் தட்டினாள். மிஸ் கதவை ஒரு சாண் திறந்தார். முகத்தைப் பார்த்தார். பிறகு, கெட்ட மனத்தோடு அல்ல, பழக்கத்தினால், மணிக்கட்டைப் பார்த்தார். அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது.

"மூணுதானா? நீ நல்லா இருக்கே கண்ணு. இங்க நூத்தி எண்பதோட ஒரு புள்ள உக்காந்திருக்கு. அப்பா போனதைக் கேள்விப்பட்டேன். பயந்துட்டே இருந்தேன் உன்னை நெனைச்சு. கர்த்தர் உனக்குத் தைரியம் குடுத்திருக்கார்."

கதவு சாத்திக்கொண்டது.

*

மூன்று என்ற எண் தாளாளரின் மேசைக்குப் போக அதிக காலம் பிடிக்கவில்லை. உள்ளமானி செய்த நிறுவனத்திலிருந்து ஒரு பாராட்டுச் செய்தி வந்தது. பட்டை கட்டிய பிள்ளைகள் அத்தனை பேரிலும் இதுவே மிகக் குறைந்த துயரளவாம். தாளாளர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

மறுநாள் இறைவணக்கக் கூட்டத்தில் நிறைமதியை மேடையில் ஏற்றிச் சால்வை போர்த்தினார்கள்.

"பெற்ற தகப்பனை இழந்து ஒரு மாதம்தான் ஆகிறது," என்று தாளாளர் மேடைத் தமிழில் முழங்கினார். "கலங்கினாளா? இல்லை. துவண்டாளா? இல்லை. இதோ, மூன்று. வெறும் மூன்று. இதுதான் வான்முகடு ஊட்டும் மன வளம். இமயம் போல் நிற்கிறாள் இந்தப் பாப்பா." ஒலிபெருக்கி கிறீச்சிட்டது. அவர் அதையும் கைதட்டல் என்று நினைத்துத் தலையாட்டினார்.

உலகத்தில் எது மாறினாலும் ஃபிளெக்ஸ் மாறுவதில்லை. இப்போது அது அசைந்தது என்பது மட்டும்தான் முன்னேற்றம். நெடுஞ்சாலையில் போகும் லாரிக்காரர்கள் எல்லாரும் பார்க்கும் உயரத்தில், நிறைமதியின் முகம் இமைத்தது. 'மன அமைதியில் மாநில முதலிடம்' என்ற எழுத்துகளுக்குக் கீழே ஒரு புறா பறந்து பறந்து புறப்பட்ட இடத்துக்கே வந்தது. தாளாளரின் முகம் அவள் முகத்தைவிடப் பெரிதாக இருந்தது.

அடுத்த பார்வை நாளுக்கு அம்மா மட்டும் வந்தாள். அதே வேப்ப மரம். அதே டிபன் கேரியர். அம்மா ஃபிளெக்ஸை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்கொப்பன் இருந்து பாத்திருக்கோணும். பட்டறை பூரா இனிப்புக் குடுத்திருப்பாரு."

"அம்மா, எனக்கு அழுகையே வரல."

"நல்லதுதான் சாமி. உன்னையாச்சும் அந்தக் கடவுள் கெட்டியாப் படைச்சானே. நான்தான் ராவெல்லாம் அழுவறேன். உன்ற அத்தையெல்லாம், பொண்ணு ஒரு சொட்டுக் கண்ணீர் வுடலன்னு அன்னைக்குப் பேசுனாளுக. இப்போ வந்து பாக்கச் சொல்லு இந்த போர்டை." அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மகளுக்கு ஒரு கரண்டி சோறு கூடுதலாகப் போட்டாள். காரம் பத்துகிறதா என்று கேட்கவில்லை. அது அவள் கேள்வி இல்லை.

*

இத்தோடு நின்றிருந்தால் ஒரு பெண்ணின் துன்பத்தோடு போயிருக்கும். நிறுவனத்தில் நிபுணர்கள் இருந்தார்கள்.

அதுவரை உள்ளமானி அளந்ததோடு சரி. புதிய பதிப்பில் அது ஆறுதலும் தரும் என்றார்கள். பட்டையின் உட்புறம் மணிக்கட்டில் மெல்லத் தட்டிக்கொண்டே இருக்கும். அந்தத் தட்டலுக்கு நாடி மெல்ல மெல்ல இசைந்துகொடுக்கும். இதற்கு 'வருடல்' என்று பெயர் வைத்தார்கள். எந்த நிலைக்கு வருட வேண்டும் என்பதற்கு ஒரு மாதிரி வேண்டும். மனத்தளவில் மிக ஆரோக்கியமான பிள்ளை எது? தேட வேண்டியதே இல்லை. மாநில முதலிடம் ஃபிளெக்ஸில் இமைத்துக்கொண்டிருந்தது. நிறைமதியின் நாடி, மூச்சு, தூக்கம் எல்லாம் அளவுகோல் ஆயின. அதற்கு 'நிறைமதி அளவு' என்றே பெயரும் சூட்டினார்கள். முதல் முயற்சி வான்முகட்டில். பிள்ளைகளோடு ஆசிரியர்களுக்கும் பட்டை கட்டாயம்; இஷ்டத்துக்குக் கழற்ற முடியாதபடி பூட்டும் உண்டு. தாளாளர் தனக்கு மட்டும் வேண்டாம் என்றுவிட்டார். அவருக்கு மனம் சம்பந்தமான தொந்தரவு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

வருடல் வேலை செய்தது. அதை மறுக்க முடியாது. முதலில் உணவுக்கூடத்தில் சத்தம் குறைந்தது. சாம்பாரில் புழு என்று தட்டைத் தட்டுபவர்கள் தட்டுவதை நிறுத்தினார்கள்; புழுவை ஓரமாக ஒதுக்கிவிட்டுச் சாப்பிட்டார்கள். பிறகு கழிவறைக் கதவுகளுக்குப் பின்னாலிருந்து கேட்கும் விசும்பல் நின்றது. குளியல் வரிசைச் சண்டை நின்றது. பிறந்தநாளுக்கு முகத்தில் கேக் பூசுவது நின்றது. கட்-ஆஃப் நூற்றுக்குக் கீழே வந்தது, ஐம்பதுக்குக் கீழே வந்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஆறுதலி கேட்பாரில்லாமல் நின்று, யாராவது தண்ணீர் குடிக்க வந்தால் ஆசையோடு, "உன் வலி எனக்குப் புரிகிறது," என்று ஆரம்பித்தது. பேருந்து நிலையத்து அகாடமி பெயர்ப்பலகையை இறக்கிவிட்டு இட்லி மாவு விற்றது.

மதிப்பெண் மட்டும் குறையவில்லை. கொஞ்சம் ஏறவே ஏறியது. அதற்கு மேல் யாருக்கும் வேறு சான்று வேண்டியிருக்கவில்லை.

எல்லாருக்கும் பிந்தி அடங்கியவள் பெனாசிர். வருடல் வந்த புதிதில், "யாரோ எறும்பை வுட்டு நடக்கப் பழக்கற மாதிரி இருக்குடி," என்று மணிக்கட்டைச் சொறிந்துகொண்டு சிரித்தாள். பிறகு சொறிவதை விட்டாள். ஒரு வெள்ளிக்கிழமை மாலை நிறைமதி அறைக்கு வந்தபோது, அவள் கட்டிலில் நேராக உட்கார்ந்து வேதியியல் படித்துக்கொண்டிருந்தாள். போன் பக்கத்தில் அடித்துக்கொண்டிருந்தது. திரையில் அவள் அம்மாவின் பெயர்.

"எடுக்கலையா? உங்கம்மாடி. எத்தனை மாசமா காத்துக்கிட்டிருந்தே."

"படிச்சுட்டுப் பேசிக்கறேன்."

போன் நின்றது.

நிறைமதி அவள் எதிரில் உட்கார்ந்தாள். என்ன சொன்னால் பழைய பெனாசிர் வெளியே வருவாள் என்று தேடினாள். "சுல்தான் எப்படி இருக்கான்?"

பெனாசிர் மரியாதையாக நிமிர்ந்து பார்த்தாள்.

"எந்தச் சுல்தான்?"

அந்தப் பார்வையை நிறைமதிக்குத் தெரியும். கண்ணாடியில் ஒவ்வொரு நாளும் தலை வாரும்போது பார்க்கிற பார்வை.

*

தாளாளர் அறையில் காபி மணந்தது. நிறைமதி மேசைக்கு முன்னால் நின்றாள்.

"சார், அதை நிறுத்திருங்க சார். என்னோட அளவை எடுத்துருங்க."

"ஏம்மா? பேரு வேணாமா? சின்ன வயசுல யாருக்குக் கெடைக்கும் இந்தப் பேரு?"

"அது அமைதி இல்ல சார். எங்கப்பா செத்தப்ப எனக்கு ஒண்ணுமே வரல. இன்னும் வரல. எதுவுமே இல்லாமக் கெடக்குது உள்ள. மிஷினு அதைத் தப்பா எடுத்துக்கிச்சு. இப்போ எல்லாத்துக்கும் அதையே குடுத்துட்டிருக்கு. பெனாசிர்லாம் பேசறதே இல்ல சார்."

தாளாளர் பக்கத்தில் நின்ற மேலாளரைப் பார்த்து நெகிழ்ந்துபோய்த் தலையாட்டினார். "தன்னடக்கம். பாத்தீங்களா? இந்தக் கொணம் காசு குடுத்து வருமா? ஃபிளெக்ஸுல இதையும் ஒரு வரி சேத்துருங்க."

"சார், வெளிய கேளுங்க சார்," என்றாள் நிறைமதி. "இது இடைவேளை. மைதானத்துல ரெண்டாயிரம் பேரு நிக்கிறாங்க."

தாளாளர் வேறு வழியின்றிக் காது கொடுத்தார். மின்விசிறிச் சத்தம் கேட்டது. நெடுஞ்சாலையில் ஒரு லாரி போனது. வேறு ஒன்றும் கேட்கவில்லை. அவர் எழுந்து ஜன்னலோரம் போனார். பிள்ளைகள் நிழல் பார்த்து, ஒருவரையொருவர் இடிக்காமல், ஒரே திசை பார்த்து நின்றுகொண்டிருந்தார்கள்.

அவர் முகம் மெல்ல மாறியது. பண்ணைக் காலத்தில் விடியற்காலை அவர் முதலில் செய்வது, கொட்டகை வாசலில் நின்று சத்தம் கேட்பதுதான். கத்திக்கொண்டிருந்தால் கவலை இல்லை. ஒரு கொட்டகை கத்தாமல் இருந்தால், உள்ளே போகும் முன்பே அவருக்கு வயிறு கலங்கும். நோய் விழுந்துவிட்டது என்று பொருள். சாயங்காலத்துக்குள் குழி வெட்ட ஆள் சொல்ல வேண்டியிருக்கும். அந்த வயிற்றுக் கலக்கம் இப்போது வந்தது. அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"மேனேஜரே," என்று ஆரம்பித்தார்.

தொலைபேசி அடித்தது. மேலாளர் எடுத்து, கேட்டு, கையால் வாயைப் பொத்திக்கொண்டார். "சார், தேசிய அளவுல விருதாம். சிறந்த அமைதிப் பள்ளி. டெல்லியில வச்சுக் குடுக்கறாங்களாம். கோட்டுக்கு அளவு கேக்கறாங்க."

தாளாளர் ஜன்னலை விட்டு வந்தார். கலக்கம் இருந்த வயிற்றை அளவெடுக்க வேண்டியிருந்தது.

"நீ போம்மா," என்றார். "நல்லாப் படி."

*

பொதுத்தேர்வுக்கு முந்தைய மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, சுவர்த்திரையில் கட்-ஆஃப் மூன்று என்று வந்தது. யாரும் முனகவில்லை. முதலிடமும் மூன்று, கடைசி இடமும் மூன்று. சம மதிப்பெண் வந்தால் பிறந்த தேதியில் மூத்தவருக்கு முன்னுரிமை. அதுவும் சமமானால் சமவாய்ப்பு எண். கல்லூரிச் சேர்க்கை விதி அது. அதையே இங்கும் வைத்திருந்தார்கள். நிறைமதி ஒரு வருடம் தாமதமாகப் பள்ளியில் சேர்ந்தவள். பட்டியலில் அவள் பெயர் முதலில் நின்றது.

அவளுக்குத் துயரத்தில் கிடைக்காத இடம் வயதில் கிடைத்தது.

அறை அப்படியேதான் இருந்தது. எஸ்தர் மிஸ் கதவைச் சாத்தினார். நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"சொல்லு கண்ணு."

இத்தனை மாதம் சுமந்துவந்த வாக்கியத்தை நிறைமதி வெளியே எடுத்தாள். "மிஸ், எங்கப்பா செத்ததுக்கு எனக்கு அழுகையே வரல. செத்த அன்னைக்கு நான் பரிச்சை எழுதிட்டிருந்தேன். நல்லா எழுதினேன் மிஸ்."

சொல்லிவிட்டு எஸ்தர் மிஸ்ஸின் கண்களைப் பார்த்தாள். இரண்டு வாக்கியத்துக்குள் நிறைந்துவிடும் கண்கள் என்று விடுதியே சொன்ன கண்கள். அவை உலர்ந்து, தெளிவாக, அவளை அன்போடு என்றும் சொல்ல முடியாமல் அன்பில்லாமல் என்றும் சொல்ல முடியாமல் பார்த்தன. மிஸ்ஸின் மணிக்கட்டில் பட்டை இருந்தது. அதில் மூன்று என்று இருந்தது.

"நல்லது கண்ணு," என்றார் மிஸ். "முழு மார்க்கா?"

அப்போதுதான் நிறைமதிக்கு அது வந்தது. எங்கிருந்தோ, அடிவயிற்றிலிருந்து. எதிரே உட்கார்ந்திருப்பது தானேதான் என்று தெரிந்தது. கடைசியாக வந்த பார்வை நாளில் தன் முகத்தைப் பார்த்து அப்பா என்ன நினைத்திருப்பார்? பேருந்து நிலையத்தில் அந்தக் கேரியரை யார் எடுத்தார்கள்? அதில் என்ன இருந்தது? இதுவரை ஒருமுறைகூட அவள் அதைக் கேட்டதில்லை. அந்தச் சோறு என்ன ஆனது? தோள்கள் குலுங்கின. பட்டையில் எண் முப்பதானது, எழுபதானது, நூற்று நாற்பதைத் தாண்டியது. அத்தைகள் உலுக்கியும் வராதது வந்துகொண்டிருந்தது.

"அப்பா," என்றாள்.

பட்டை கவனித்துவிட்டது. மணிக்கட்டின் உட்புறம் மெல்லத் தட்ட ஆரம்பித்தது.

அந்தத் தாளம் அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. தன்னுடையது. "மிஸ், கழட்டுங்க மிஸ். இதைக் கழட்டுங்க. எனக்கு வருது மிஸ்." அவள் பட்டையை நகத்தால் பிறாண்டினாள். பூட்டின் இடுக்கில் விரலை நுழைத்து இழுத்தாள். தோல் சிவந்தது. பட்டை அசையவில்லை.

எஸ்தர் மிஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடியில் பழைய பழக்கத்தின் மிச்சம் இருந்தது. "கொஞ்சம் பொறு கண்ணு. இப்போ சரியாயிரும்."

சரியாகிவிட்டது. நூறு, அறுபது, இருபது. டிபன் கேரியர் மங்கலாகி, பேருந்து நிலையம் மங்கலாகி, பாயும் வேப்ப மரமும் மங்கலாகிப் போயின. கன்னத்தில் ஒரு சொட்டு ஈரம் இருந்தது. அது எதற்கு வந்தது என்று யோசித்தாள். நினைவு வரவில்லை. துடைத்துக்கொண்டாள். ஏழாவது கேள்விக்கு அலகு போட்டிருந்தோம், சந்தேகமே இல்லை.

மேசை மணி ஒலித்தது.

"அடுத்தவர் வரலாம்," என்றார் எஸ்தர் மிஸ்.

நிறைமதி எழுந்து கதவைத் திறந்தாள். வெளியே வரிசையின் முதல் ஆளாகப் பெனாசிர் நின்றிருந்தாள். இருவரும் ஒருவரையொருவர் இடிக்காமல் விலகி வழி விட்டுக்கொண்டார்கள். ஒரு காலத்தில் இரண்டு புள்ளியில் தவறவிட்ட அறைக்குள் பெனாசிர் நிதானமாகப் போய் உட்கார்ந்தாள்.

"சொல்லு கண்ணு," என்றார் மிஸ்.

அவளிடம் சொல்ல எதுவும் இல்லை. மணி அடிக்கும்வரை இருவரும் அமைதியாக உட்கார்ந்திருந்தார்கள்.